பட்டாணி அளவு

1997இல் மலைமேல் செம்மேட்டைத் தாண்டி ஒரு துணை சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கிராம சுகாதார நர்ஸ். அரசாங்கம் என்னிடம் ஒப்படைத்தவை ஐஸ் வைத்த தடுப்பூசிப் பெட்டி ஒன்று, குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு ஒன்று, எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோகும் அளவுக்குப் பதிவேடுகள். என் பங்குக்கு நான் கொண்டுபோனது கன்னம் நிறையப் பரு.

வயது இருபத்து நான்கு. மற்ற பெண்களுக்குப் பரு போகிற வயதில் எனக்கு வந்து உட்கார்ந்தது. அடிவாரத்தில் என் ஊரான காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் சொந்தத்தில் வைத்தியம் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. பாலேடு தடவு என்றார்கள், தடவினேன். சந்தனம், வேப்பிலை, எலுமிச்சம்பழச் சாறு எல்லாம் ஆயிற்று. "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாந் தானாப் போயிரும் கண்ணு" என்றார் அம்மா. அந்த ஒரு மருந்தைத்தான் நான் சாப்பிடவில்லை. பரு போவதற்காக ஒருவனைக் கட்டிக்கொள்வது அவனுக்கும் நியாயமில்லை என்று பட்டது.

கடைசியில் சேலத்துக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். அந்தம்மா என் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"பட்டாணி அளவுதாம்மா. மொத்த மூஞ்சிக்கும் ஒரே ஒரு பட்டாணி. ராத்திரி மட்டும். பகல்ல குடை இல்லாம வெயில்ல போகக் கூடாது. கர்ப்பம்னா உடனே நிறுத்திரணும். மூணு மாசம் போட்டுட்டு என்கிட்ட வந்து காட்டுங்க. மேல போடலாமா வேண்டாமான்னு பாத்துச் சொல்றேன்" என்றார். பிறகு, "நீங்களே நர்ஸ், உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று சிரித்தார்.

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். மலையில் நான் வாய் வலிக்கப் பேசி முடித்ததும் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் ஆட்டுவார்கள். நீ சொல்லிவிட்டாய், நான் கேட்டுவிட்டேன், இனி அவரவர் வேலையைப் பார்ப்போம் என்று அதற்கு அர்த்தம்.

முதல் மாதம் முகம் எரிந்தது, உரிந்தது. அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றாம் மாதம் பரு அடங்கிவிட்டது. கன்னம் புதுசாக இருந்தது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, யார் இது என்று ஒரு கணம் நின்றேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் சேலத்துக்குப் போகவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும்? இதே கேள்வியைக் கேட்டுக் காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவர்களை நான் ஊர் கூட்டித் திட்டியிருக்கிறேன். அவர்கள் பாதியில் விட்டார்கள், நான் விடாமல் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போகும்போது அதே சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் ட்யூப் கொடுத்தார்கள். சீட்டு மடிப்பில் கிழிந்தபோது, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வைத்து ஒட்டினேன். அதுவும் சுகாதார நிலையத்துப் பிளாஸ்திரி.

இரண்டாம் வருஷம் களிம்பு போட்டால் எரிச்சல் வரவில்லை. மருந்து களைத்துப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். ஒரு பட்டாணி இரண்டு பட்டாணியானது. பிறகு பல் விளக்கும் பேஸ்ட் அளவுக்கு வந்தது. மூன்றாம் வருஷம் காலையிலும் போட ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, என் சொந்த ஆராய்ச்சி.

அதன் பிறகு என் முகத்துக்கு எதுவுமே ஆகாமல் போயிற்று. சோப்பு ஆகாது. வேர்வை ஆகாது. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஜன்னல் காற்று பட்டால் மிளகாய் தேய்த்த மாதிரி இருக்கும். மாசி மாதம் வீட்டுக்கு வீடு பாயில் மிளகு காயப் போட்டிருப்பார்கள். மற்றவர்களுக்குத் தும்மல் வரும், எனக்குக் கண்ணுக்குக் கீழே தீப்பிடிக்கும். கோயிலில் மஞ்சள் பூச வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிடுவேன். சிரித்தால் வாயோரத்தில் தோல் வெடித்தது. அதனால் சிரிப்பதையே நிறுத்திவிட்டேன். உடனே எனக்கு நல்ல பெயர் கிடைத்தது. முந்தைய நர்ஸ் சிரித்துச் சிரித்துப் பேசுவாராம், ஒருவரும் பயப்படவில்லையாம். இந்தம்மா கண்டிப்பானவர் என்று மேலதிகாரி வரைக்கும் பேச்சு போயிற்று.

வெயில் பட்ட இடத்தில் கன்ன மேட்டின் மேல் பழுப்புத் திட்டு விழுந்தது. திட்டு விழுந்தது களிம்பு போட்ட தோலில் வெயில் பட்டதால். நான் என்ன செய்தேன்? திட்டு போவதற்காக இன்னும் கொஞ்சம் களிம்பு போட்டேன்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்தக் களிம்பு வைட்டமின் ஏ-க்கு ஒன்றுவிட்ட சொந்தம். நான் மலையில் குழந்தைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்ததும் அதே வைட்டமின் ஏ திரவம்தான். பாட்டிலோடு கோடு போட்ட ஒரு கரண்டி வரும். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு ஏறாமல் பார்த்துக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான். ஒருமுறை மேட்டுப் பட்டியில், இருபது வயதுகூட இருக்காது, ஒரு தாய் தன் மூத்த பெண்ணுக்கு இன்னொரு கரண்டி கேட்டாள். கண்ணுக்கு நல்லது என்று நானே சொல்லியிருந்தேன், அதனால் கேட்டாள். அத்தனை பேர் முன்னால் அவளை ஒரு பிடி பிடித்தேன்.

"நல்லதுன்னா அள்ளிக் குடிச்சிருவியா? அளவுன்னு ஒண்ணு எதுக்குக் கண்ணு இருக்குது? மருந்து என்ன உங்க ஊட்டுக் கூழா?"

அவள் முகம் சுருங்கியது. தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று காலையும் நான் களிம்பை அள்ளிப் பூசிக்கொண்டுதான் வந்திருந்தேன்.

2001 மாசிக் கடைசியில் எதிர்ச் சரிவில் இருந்த ஒரு பட்டியில் தட்டம்மை வந்தது. முதலில் இரண்டு குழந்தைகள், அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு. ஒரு குழந்தைக்குச் சளி நெஞ்சில் இறங்கி, செம்மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே போய்விட்டது. அதன் எடையை நான் என் கையால் எழுதியிருந்தேன். தடுப்பூசிக்கு வரச் சொல்லி இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன், அவர்கள் தலையாட்டியிருந்தார்கள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேட்டுப் பட்டியில் தடுப்பூசி போடாத குழந்தைகள் பதினாலு பேர். அதில் ஒன்று, இரண்டாம் கரண்டி கேட்டவளின் இரண்டாவது பெண். ஒன்பது மாதம் அப்போதுதான் முடிந்திருந்தது. காய்ச்சல் ஒரு சரிவைத் தாண்டி வர எத்தனை நாள் ஆகும்? பத்து நாள் வெயிலில் ஊர் ஊராக நடந்து பட்டியல் எடுத்தேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பதிவேடு, குடைக்கு மூன்றாவது கை இல்லை. காலையும் இரவும் களிம்பை மட்டும் விடவில்லை. ஊரே பற்றி எரிகிறது, எனக்குக் கன்னத்துத் திட்டைப் பற்றிக் கவலை.

பத்தாம் நாள் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் தோல் பொடிப்பொடியாக உரிந்தது. அந்தக் கோலத்தில் திங்கட்கிழமை மேட்டுப் பட்டிக்குப் போனேன், புதன்கிழமை ஊசி என்று சொல்ல. காய்ச்சல் ஊருக்குள் வராமலிருக்க நுழைவில் வேப்பங்கொத்து கட்டியிருந்தார்கள். இரண்டாம் கரண்டி கேட்ட தாய் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"நில்லுங்கம்மா. அங்கியே நில்லுங்க."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தள்ளி நின்றே என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நான் குழந்தைகளைப் பார்க்கும் அதே பார்வை. பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டாள்.

"ஆத்தா வந்து எறங்கறாளுங்க. பாருங்க, தவிடு தவிடா உதுருது."

தட்டம்மை இறங்கும்போது தோல் தவிடு மாதிரி உதிரும் என்று எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. அவள் புத்தகம் படிக்காமலே சரியாகச் சொன்னாள். நோயாளி மட்டும்தான் தப்பு.

என்னைப் பலாமரத்தடியில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் வேப்பிலை. ஆறின கூழ் ஒரு சட்டி, அதையும் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். இரண்டு பெண்கள் என் முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நாலு வருஷ சர்வீஸில் அந்த முகத்துக்கு நான் எவ்வளவோ செய்திருக்கிறேன், யாரும் கும்பிட்டதில்லை.

"ஆத்தாவெல்லாம் இல்லீங்க. வெயிலு" என்றேன்.

"வெயிலு எங்களுக்குந்தான் அடிக்குது."

"அன்னாசிப் பழம் சாப்பிட்டேன், ஒத்துக்கல."

இது பெரிய தப்பாகிவிட்டது. அந்த ஊரில் பாதிப் பேர் அன்னாசி போட்டிருந்தார்கள். "எங்க பழத்தையா குத்தஞ் சொல்றீங்க?" என்று ஒருத்தி முறைத்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்டிப்பான நர்ஸம்மா அழகுக்கு மருந்து பூசி முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டார் என்று மலை முழுக்கப் பேசுவதைவிட, ஆத்தா வந்தவளாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு இப்போதும் என்னை நான் மன்னிக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அதே மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்க வைத்தேன். ஒருவரும் வரவில்லை. பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. வீடுகளுக்குள் குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது, கதவுகள் திறக்கவில்லை. பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு அந்தத் தாய் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். மோர்ச் சொம்பைத் தூரத்தில் வைத்தாள்.

"வெயில்ல உக்காராதீங்க. ஊட்டுக்குப் போயிப் படுங்க. ஆத்தா போகட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"ஊசி?"

"ஊசி போடற உங்களையே அவ உடலயே. போட்டா எங்க புள்ளைகளையும் கோவிச்சுக்குவா. நாங் கூட்டியாந்தாத்தான் மத்தவங்களும் வருவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்கம்மா."

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. கீழே இரண்டு பல். எதிர்ச் சரிவில் போன குழந்தைக்கும் அந்த வயதுதான். முகமாவது மானமாவது என்று எழுந்து நின்றேன்.

"இது ஆத்தா இல்ல. நானே பண்ணிக்கிட்டது. களிம்பு."

"என்ன களிம்பு?"

"பருவுக்கு. மூஞ்சி நல்லாருக்கணும்னு போட்டது."

அவள் நம்பவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆத்தாவை இல்லையென்று சொல்லக் கூடாது, கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் வாசலிலிருந்து பதறினாள். அந்தக் கன்னத்தில் போட்டுக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பையைத் திறந்து, தடுப்பூசி அட்டைகளுக்கு நடுவிலிருந்து ட்யூபை எடுத்தேன். பிளாஸ்திரி ஒட்டிய சீட்டையும் எடுத்தேன். இரண்டையும் பாயில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றேன்.

அவள் வந்து ட்யூபை எடுத்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். வால் பக்கமாகச் சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியிருந்ததைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் முகம் மாறியது. ஆத்தா வந்தவர்கள் ட்யூபை அப்படிப் பிதுக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

"எத்தன நாளைக்குப் போடச் சொன்னாங்க?"

"மூணு மாசம். அப்பறம் வந்து காட்டச் சொன்னாங்க."

"காட்டுனீங்களா?"

"இல்ல."

"எத்தன நாளாப் போடறீங்க?"

"நாலு வருசமாச்சு."

"எவ்வளவு போடச் சொன்னாங்க?"

"ஒரு பட்டாணி அளவு."

அவள் என் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"எம் புள்ளைக்கு இன்னொரு கரண்டி கேட்டதுக்கு எல்லார்த்து முன்னாலயும் என்னையப் பேசுனீங்களே நர்ஸம்மா."

கண்ணில் தண்ணீர் வந்தது, வந்த தண்ணீர் கன்னத்தில் பட்டு எரிந்தது. துடைத்தால் இன்னும் எரியும் என்பதால் அப்படியே நின்றேன். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முழுசாக நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன்.

"சரி. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று ட்யூபை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நீங்க போயி அந்த டாக்டர்கிட்டக் காட்டுங்க. மாசாமாசம் இங்க வாரப்ப நா மூஞ்சியப் பாப்பேன். இப்ப இவளுக்குப் போடுங்க."

மருந்துக் குப்பியை உடைத்துக் கலக்கினேன். அவள் குழந்தைதான் முதலில் அழுதது. பிறகு வரிசையாகப் பதிமூன்று அழுகை. நடுவில் ஒருத்தி, "அழகுக்கு ஊசி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். வாயோரம் வெடித்து ரத்தம் வந்தது. அவ்வளவு வலித்தும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் அந்தப் பட்டிக்கும் வந்தது. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குக் கண்டு, இறங்கிவிட்டது. நான் ஊசி போட்ட பதினாலு பேரும் தப்பித்தார்கள். அந்தச் சேதி வரும்வரை தினமும் காலையில் எழுந்ததும் பதிவேட்டைத் திறந்து அந்தப் பதினாலு பெயரையும் எண்ணிப் பார்த்தேன்.

சேலத்து டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சீட்டைப் பார்த்ததும் அவருடைய கையெழுத்தைக் கண்டுகொண்டார்.

"மருந்து மேல பழி போடாதீங்க" என்றார். "அளவாப் போட்டு, அப்பப்ப வந்து காட்டியிருந்தா வருஷக்கணக்காக்கூடப் போடலாம். நீங்க ரெண்டு வேளையும் அப்பிக்கிட்டு வெயில்ல நடந்திருக்கீங்க. தோலுக்கு மேல ஒரு காவல் இருக்கு, அதை நீங்களே தெனமும் சுரண்டி எடுத்திருக்கீங்க. இனி எந்தக் களிம்பும் வேண்டாம். வாசலின் தடவுங்க, குடை பிடிங்க, பொறுமையா இருங்க. திட்டு மெதுவாத்தான் போகும். கொஞ்சம் போகாமலும் இருக்கலாம்."

இந்த முறை தலையாட்டவில்லை. பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

எரிச்சல் அடங்க இரண்டு மாதம் ஆயிற்று. பரு திரும்பி வந்தது, தெரிந்த வீட்டுக்கு வருகிற மாதிரி. திட்டு மங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இடது கன்னத்தில் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. மாதாமாதம் மேட்டுப் பட்டிக்குப் போனால் அவள் முதலில் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள், பிறகுதான் குழந்தையைத் தராசில் போட விடுவாள். "போன மாசத்துக்கு இது தேவல" என்பாள். சில மாதம் ஒன்றும் சொல்ல மாட்டாள். அப்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கும்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது வைட்டமின் ஏ திரவம் கொடுக்கப் போனேன். குழந்தை நடந்தே வந்து வாயைத் திறந்தது. கரண்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோடு வரைக்கும் ஊற்றி, வாயில் விட்டேன். கரண்டியின் அடியில் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்காரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மிச்சத்த மூஞ்சிக்குப் பூசிக்காதீங்க நர்ஸம்மா."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள். நான் கரண்டியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.